காட்டுப் பாதைக்கு முன் ஒரு சொல்

‘காணாமற்போனோர்’ என்றதும் எம்மவர் மனத்தில் எழுவது காடன்று; இராணுவ முகாமும் ஏற்கப்படாத முறைப்பாடுமே. அந்த அச்சத்தைச் சுமந்தே இங்கும் பொலிஸ் நிலையப் படியேறத் தயங்குகிறோம். கெல்லிவில்லிலிருந்து நீலமலைக்குத் தனியே நடக்கச் செல்லும் எம் இளைஞருக்கு இத்தயக்கம் உயிராபத்தாகலாம்.

2006 டிசம்பரில் மவுண்ட் சொலிற்றரிப் பகுதியில் 17 வயது மாணவர் டேவிட் ஐர்டேல் நண்பர்களைப் பிரிந்து, நீரின்றித் தவித்து, அவசர எண் 000ஐப் பலமுறை அழைத்தார். மறுமுனையினர் தெருப் பெயரைக் கேட்டனர். காட்டில் தெரு ஏது? உடலே மீட்கப்பட்டது. 2009இன் மரண விசாரணை அக்குறையைக் கண்டித்தது.

2024 டிசம்பர் 26இல் கொஸ்கியஸ்கோ தேசியப் பூங்காவில் வழிதவறிய 23 வயது மருத்துவ மாணவரோ, 13 நாட்களின் பின் உயிருடன் மீண்டார். ஓடைநீரும் காட்டுப் பழங்களும் அவரைக் காத்தன. நண்பர்கள் தாமதியாது அறிவித்ததால் தேடுதலும் விரைவில் தொடங்கிற்று.

நீலமலையில் நடப்போருக்குத் தேசியப் பூங்கா அலுவலகங்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் செய்மதி அபாயக் கருவி இலவசமாக இரவல் தரப்படுகிறது. தொலைபேசி அலை எட்டாத இடத்திலும் அது இருப்பிடத்தை உணர்த்தும். செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைத்துச் செல்க. குறித்த நேரத்தில் வராவிடின் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே 000ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராதோர் ‘பொலிஸ்’ என்று மட்டும் சொல்லித் தொடர்பில் நின்றால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார்.

தேட மறுத்த அரசிடம் பிள்ளைகளைக் கேட்டு எம் அன்னையர் 2017இல் வீதியோரத்தில் அமர்ந்தனர். தேட ஆயத்தமாயிருப்போரிடம் நாம் வாய்திறவாதிருத்தல் முறையன்று.