இடத்தைச் சொன்ன பிறகும்

வட இலங்கையின் வன்னியில், புதுக்குடியிருப்பு மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பது இலங்கை ராணுவத்துக்கு நன்றாகத் தெரியும். அங்கே 500-க்கும் மேற்பட்ட நோயாளிகள் படுத்திருந்தார்கள். ஆனாலும் ராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த போரின் கடைசி மாதங்களில், 2009 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் அதன்மீது திரும்பத் திரும்ப ஷெல் விழுந்தது.

வன்னியில் அப்போது உதவி அமைப்புகள் அநேகமாக இல்லை. பாதுகாப்புக்கு உறுதி தர இயலாது என்று சொல்லி, 2008 செப்டம்பரில் அரசு அவற்றை வெளியேறச் சொல்லிவிட்டது. கிளிநொச்சி ஐ.நா. அலுவலக வாசலில் கூடிய மக்கள், “போகாதீர்கள்” என்று மன்றாடியும் வண்டிகள் கிளம்பிவிட்டன. செஞ்சிலுவைச் சங்கம் தங்கியது. 2009 பிப்ரவரியிலிருந்து மே 9 வரை, காயம்பட்டவர்களும் உடன் வந்தவர்களுமாக ஏறக்குறைய 14,000 பேரைக் கடல் வழியே வெளியே கொண்டுவந்தது.

உதவிப் பொருள் புலிகளுக்குப் போகிறது என்பது ராணுவத்தின் சந்தேகம். புலிகளோ மக்களை வெளியேற விடவில்லை; தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். ஐ.நா.வின் உள்ளூர் ஊழியர்களின் குடும்பங்களும் அங்கேயே சிக்கிக்கொண்டன. உதவி ஊழியர்களுக்கு ஆபத்து அதற்கு முன்பே இருந்தது: 2006 ஆகஸ்ட் 4 அன்று, கிழக்கு இலங்கையின் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

போர் நடக்கும் இடத்தில் உதவி அமைப்புகள் இயங்க ராணுவத்தின் அனுமதி வேண்டும். கண்டதைச் சொன்னால் அந்த அனுமதி போய்விடும். இந்தப் பயத்தில்தான் கொழும்பிலிருந்த ஐ.நா. அதிகாரிகள் சாவு எண்ணிக்கையை வெளியிடத் தயங்கினார்கள். சார்லஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா.வின் உள் ஆய்வு 2012-ல் இதை வெளிப்படையாகக் கண்டித்தது. அவர்கள் காத்த மௌனம் மக்களையும் காக்கவில்லை.

இடம் தெரிந்தும் தாக்குவது வன்னியோடு முடியவில்லை. 2015 அக்டோபர் 3, ஆப்கானிஸ்தானின் குந்தூஸ்: ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு தன் மருத்துவமனையின் இருப்பிடத்தை முன்பே தெரிவித்திருந்தும், அமெரிக்க விமானத் தாக்குதலில் 42 பேர் இறந்தார்கள். 2024 ஏப்ரல் 1, காசா: செல்லும் பாதையை இஸ்ரேல் ராணுவத்திடம் சொல்லிவிட்டுப் போன உணவு உதவிக் குழுவினர் 7 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு இடத்திலும் தாக்கிய ராணுவமே விசாரணையும் நடத்தி, தவறு நேர்ந்துவிட்டது என்றது.

வையம்பட்டியில் இருக்கும் நமக்கு இது எங்கோ நடக்கும் செய்தி அல்ல. நம் திருச்சி மாவட்டத்திலேயே கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் ஈழத்திலிருந்து வந்தவர்கள் பல்லாண்டுகளாக முகாம்களில் வாழ்கிறார்கள். வன்னியில் நடந்ததெல்லாம் அவர்களின் உறவுகள் மிஞ்சியிருந்த மண்ணில்தான். மருத்துவமனை தாக்கப்பட்டால் சுட்டவர் கையில் விசாரணையைக் கொடுக்கக் கூடாது என்று உரக்கக் கேட்கும் முதல் குரல் தமிழ்நாட்டினுடையதாக இருக்க வேண்டும்.