கையெழுத்து யாருடையதோ, கடன் அவருடையது



இரத்தினபுரியில் மழையில்லாத மாலைப் பொழுது அபூர்வம். அப்படியொரு மழை நாளில் அஸர் தொழுகை முடித்து மத்ரஸாவுக்குத் திரும்பினேன். முன்பு என்னிடம் ஓதிய மாணவியொருத்தியின் தாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் நனையாமல் மடித்து வைத்த ஒரு காகிதம்.

"ஹஸ்ரத், இதுல கையெழுத்து வெச்சா பிரச்சினை முடியுமாம். வெக்கட்டா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். அவருடைய தம்பி லீசிங்கில் ஒரு வான் எடுத்து, தோட்டப் பக்கத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கி வந்தார். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றே நாட்கள் கழிந்தன. ஓட்டம் இல்லை, தவணைப் பணம் தவறியது. வானை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு அவர் கட்டாருக்குப் போய்விட்டார். பணம் அறவிட வந்தவர்களுக்கு அகப்பட்டது ராத்தாவின் வீடுதான்.

முதலில் தொலைபேசி. பிறகு மோட்டார் சைக்கிளில் இருவர். கணவர் கொழும்பில் வேலை. வீட்டில் இவரும் குமர்ப் பிள்ளையும் மட்டும். அயலவர் கேட்கட்டுமென்றே முற்றத்தில் நின்று சத்தமிட்டிருக்கிறார்கள். மூன்றாம் முறை வந்தபோது, "சும்மா ஒரு கையெழுத்துதான், இனி வரமாட்டோம்" என்று அந்தக் காகிதத்தைக் கொடுத்திருக்கிறார்கள். சிங்களத்தில் எழுதப்பட்டிருந்த அதை வாசித்துப் பார்த்தேன். மீதிக் கடன் முழுவதையும் தானே மாதாமாதம் செலுத்துவதாக ராத்தா ஒப்புக்கொள்ளும் பத்திரம் அது!

அதுவரை அந்தக் கடனில் அவருக்கு எந்தப் பங்கும் இருக்கவில்லை. ஒரே கையெழுத்தில் முழுக் கடனும் அவர் தலைமேல் ஏறியிருக்கும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி

சகோதரிகளே, இப்படி யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால், முதலில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கடனில் நான் கையெழுத்திட்டிருக்கிறேனா?"

இல்லையென்றால் அது உங்கள் கடனல்ல. தம்பி, மச்சான், ஏன், கணவரே எடுத்ததாக இருந்தாலும் உறவு என்ற காரணத்தால் கடன் உங்கள்மேல் வந்து சேராது. லீசிங்கில் எடுத்த வாகனத்தின் உரிமை கம்பெனியிடம் இருக்கிறது. உடன்படிக்கைப்படி அந்த வாகனத்தை மீட்க அதற்கு வழியுண்டு. உங்கள் வீட்டுத் தளபாடத்தையோ காப்பையோ கேட்க வழியில்லை. மீதிப் பணத்துக்கு வழக்குப் போடுவதானால், எதிராளி கையெழுத்திட்டவரே.

பிணையாளியாகக் கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு. "பேருக்குத்தான் போட்டேன்" என்ற பேச்சு நீதிமன்றத்திலும் செல்லாது, மார்க்கத்திலும் செல்லாது. பிணை நிற்பவர் பொறுப்பேற்கிறார் என்பது ஃபிக்ஹில் 'கஃபாலா' என்ற பாடத்தின் அடிப்படை. கடன் தகவல் பணியகத்தின் பதிவிலும் பிணையாளியின் பெயர் ஏறுகிறது. நாளை உங்கள் பிள்ளைக்காக வங்கிக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஆகவே ஓடி ஒளியாதீர்கள். கம்பெனிக்கு நேரில் சென்று கணக்கை எழுத்தில் கேளுங்கள். உங்களால் முடிந்த தவணையைச் சொல்லி அதையும் எழுத்திலேயே பெறுங்கள்.

வாசலில் நிற்பவரிடம்

அனுமதியின்றிப் பிறர் வீட்டில் நுழையக் கூடாது, திரும்பிப் போகச் சொன்னால் போய்விட வேண்டும் என்பது ஸூரத்துந் நூர் கற்றுத் தரும் ஒழுக்கம். நாட்டின் தண்டனைச் சட்டக் கோவையும் அத்துமீறி நுழைவதையும் அச்சுறுத்துவதையும் குற்றமாகவே வைத்திருக்கிறது.

ஆண்கள் இல்லாத நேரத்தில் கதவைத் திறக்க வேண்டியதில்லை. உள்ளிருந்தபடியே வந்தவரின் பெயர், கம்பெனி, அடையாள அட்டை ஆகியவற்றைக் கேளுங்கள். வந்த திகதி, நேரம், பேசிய பேச்சு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். வாசலில் வைத்து எதிலும் கையெழுத்திடாதீர்கள். ரசீது இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மிரட்டினால் 119க்கு அழையுங்கள்.

அடுத்து, கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் ஒரு முறைப்பாடு அனுப்புங்கள். பதில் திருப்தியில்லையென்றால் நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கமும் இருக்கிறது. நிதி வாடிக்கையாளர் பாதுகாப்புக்கென மத்திய வங்கி 2023இல் ஒழுங்குவிதிகளை வெளியிட்டுள்ளது. வழக்கு என்று வந்தால், வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு துணை நிற்கும்.

மறுபக்கம்

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் பாதிதான் சொன்னவனாவேன். கடன் கொடுத்தவர் நம் எதிரியல்லர். நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் கடனைக் கேட்டுக் கடுமையாகப் பேசியபோது தோழர்கள் அவர்மீது பாயப் பார்த்தார்கள். நபியவர்கள் தடுத்தார்கள், உரிமையுள்ளவருக்குப் பேச இடமுண்டு என்றார்கள், வாங்கிய ஒட்டகத்தைவிடச் சிறந்ததையே திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். வசதியிருந்தும் இழுத்தடிப்பதை அநியாயம் என்றும் சொன்னார்கள்.

கஷ்டப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது ஸூரத்துல் பகராவின் 280ஆம் வசனம். 2022 ஏப்ரலில் நமது நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்து அவகாசம் கேட்டதே! அவகாசம் கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் அவகாசம் தள்ளுபடியாகாது. கொரோனாக் காலத்தில், 2020இல், முச்சக்கரவண்டிக்கும் பாடசாலை வானுக்கும் ஆறு மாதத் தவணை ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்த அந்தப் பணம் பின்னால் வந்தே சேர்ந்தது.

அந்த ராத்தா கையெழுத்திடவில்லை. மகள் எழுதிய கடிதம் பதிவுத் தபாலில் போனது. அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் வரவில்லை. ஆனால் அன்றிரவே ராத்தா கட்டாருக்குத் தொலைபேசி எடுத்து, "கடன் உன்னுடையது. நீயே கம்பெனியோடு பேசு. வான் எங்கே நிற்கிறதென்றும் சொல்" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். அவர் பேசினார், வான் திரும்பிப் போனது, மீதியைத் தவணையாகக் கட்டி வருகிறார். ஒரு மாதம் தம்பியிடம் குறைந்த பணத்தை ராத்தாவே போட்டார். அது கடனல்ல, அன்பளிப்பு. மிரட்டலுக்குப் பயந்து கொடுப்பதற்கும் மனமுவந்து கொடுப்பதற்கும் எவ்வளவு தூரம்!

கடன் பாரமின்றி வாழவும், நம் பொறுப்பில் உள்ளதை நிறைவேற்றியவர்களாக அவனைச் சந்திக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.