திரையில் மறையும் கறையும் வாசலில் உறையும் சேறும்

அழுக்கை அகற்றுகின்றவனுக்குக் கூலி கொடுப்பது உலக வழக்கம். ஆனால் அழுக்கை அகற்றும் வேலையைத் தமக்குத் தாருங்கள் என்று கேட்டு, அதற்காகத் தாமே பணமும் கொடுக்கின்றவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றார்கள் என்றால் நீங்கள் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அவர்களுடைய கையில் தும்புத்தடியும் இல்லை, வாளியும் இல்லை. கணினியின் முன்னே வசதியாக அமர்ந்தவாறே, இல்லாத ஓர் ஊரின் இல்லாத சுவர்களை அவர்கள் கழுவிக்கொண்டிருக்கின்றார்கள்.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் இயங்கும் ஃபியூச்சர்லாப் என்னும் நிறுவனம் உருவாக்கிய ‘பவர்வோஷ் சிமியூலேட்டர்’ என்ற விளையாட்டையே இங்கு குறிப்பிடுகின்றோம். 2022ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் திகதி அது முழுமையாக வெளிவந்தது. 2025ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. இதே பாணியில் அமைந்த சிறிய விளையாட்டுகள் கையடக்கத் தொலைபேசிகளிலும் நிறைந்திருக்கின்றன. ஆகவே இது எங்கோ தூரதேசத்தாரின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. பேராதனையிலிருந்து கம்பளை செல்லும் பேருந்தில், கெலிஓயாச் சந்தியில் ஏறி அமர்கின்ற பிள்ளையின் கையிலும் இது இருக்கக்கூடும்.

விளையாட்டின் கதை மிக எளியது. மக்கிங்ஹாம் என்னும் கற்பனை ஊரில் நீங்கள் ஒரு சுத்திகரிப்புத் தொழிலைத் தொடங்குகின்றீர்கள். அழுக்கேறிய ஒரு வாகனத்தைக் கழுவுவதே முதல் வேலை. வீசியடிக்கும் நீரைக்கொண்டு அதனைக் கழுவுகின்றீர்கள். பின்னர் ஒருவருடைய வீட்டு முற்றம், சிறுவர் பூங்கா, தீயணைப்பு நிலையம் என்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு பகுதியும் தூய்மையானதும் இனிய மணியோசை ஒன்று கேட்கின்றது. அந்தப் பகுதி ஒருமுறை ஒளிர்ந்து அடங்குகின்றது. எத்தனை வீதம் முடிந்தது என்பதையும் திரை காட்டுகின்றது. கிடைக்கும் பணத்தில் இன்னும் சிறந்த இயந்திரத்தை வாங்கிக்கொள்ளலாம். விரட்டுகின்ற எதிரி இல்லை, தோல்வி இல்லை, தண்ணீரும் தீர்வதில்லை.

இதில் என்ன சுகம் என்று நீங்கள் கேட்கலாம். அதே கேள்வியை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கேட்டார்கள். விளையாடிக்கொண்டிருக்கும்போதே “இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கின்றது?” என்று இடையிடையே வினவும் வகையில் விளையாட்டின் சிறப்புப் பதிப்பொன்று ஆயத்தப்படுத்தப்பட்டது. 8,695 பேரிடமிருந்து 162,325 பதில்கள் கிடைத்தன. 2024ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வின்படி, இத்தகைய விளையாட்டாளர்களுள் ஏறத்தாழ 72 வீதமானோருக்கு விளையாடும்போது மனநிலை சற்று உயர்கின்றது. அந்த உயர்வின் பெரும்பகுதியும் முதல் 15 நிமிடங்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றது.

இந்த முடிவை வாசிக்கும்போது அவசரப்படலாகாது. 0 முதல் 1 வரையிலான அளவுகோலில் சராசரி உயர்வு 0.034 மட்டுமே. அதாவது நூறு புள்ளிகளில் மூன்றரைப் புள்ளி கூட இல்லை. ஆகவே இது நோய் தீர்க்கும் மருந்து அன்று. களைத்த மனதிற்கு ஒரு மிடறு தேநீர் போன்றது. அதிலும் பெரும்பகுதி முதல் கால் மணி நேரத்திற்குள் கிடைத்துவிடுமாயின், நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து விளையாடுவதால் நாம் எதைப் பெறுகின்றோம் என்பதை இளையோர் தாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் அந்தச் சிறு நிம்மதியை நாம் எள்ளி நகையாடவும் கூடாது. மனிதன் ஏன் இதனை நாடுகின்றான்? எமது வாழ்க்கையில் முடிவு தெரிகின்ற வேலைகள் குறைந்துவிட்டன. அலுவலகத்தில் ஒரு கோப்பை முடித்தால் மற்றொன்று வருகின்றது. கடனில் ஒரு தவணையைச் செலுத்தினால் அடுத்த தவணை வாசலில் நிற்கின்றது. வீட்டில் தாய் கழுவி வைத்த பாத்திரம் ஒரு மணி நேரத்தில் மீண்டும் அழுக்காகின்றது. “நீ செய்தது முடிந்தது, நன்றாக முடிந்தது” என்று சொல்வார் ஒருவரும் இல்லை. அந்த ஒரு சொல்லைத்தான் விளையாட்டின் மணியோசை சொல்லுகின்றது. உழைப்பின் பலனைக் கண்ணாரக் காண வேண்டும் என்ற ஏக்கம் மனித உள்ளத்தில் எவ்வளவு ஆழமாக இருக்கின்றது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால், அன்பானவர்களே, திரையில் இல்லாதவை எவை என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அங்கே துர்நாற்றம் இல்லை. முதுகு வலி இல்லை. கையில் கண்ணாடித் துண்டு கிழிப்பதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, தன் உடைமைகளை இழந்து வாசலில் திகைத்து நிற்கின்ற அயலவரின் முகம் அங்கே இல்லை.

அந்த முகத்தை எமது மலைநாடு 2025ஆம் ஆண்டின் இறுதியில் கண்டது. நவம்பர் 28ஆம் திகதி இலங்கையைத் தாக்கிய ‘டித்வா’ புயலினால் நாடெங்கும் 600 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மிகக் கூடுதலான உயிரிழப்புகளைச் சந்தித்த மாவட்டம் கண்டி. ஒருபுறம் மண்சரிவு, மறுபுறம் கரைபுரண்ட மகாவலி கங்கை. கம்பளை நகரும் ஆற்றை அண்டிய தாழ்நிலங்களும் நீரில் அமிழ்ந்தன. நீர் வடிந்தபோது எஞ்சியது சேறு.

வெள்ளச் சேற்றை அகற்றியவர்களுக்குத் தெரியும், அது வெறும் மண் அன்று. மலசலகூடக் குழிகளின் கழிவும், இறந்த பிராணிகளின் உடலும், எண்ணெயும் கலந்தது அது. ஈரமாக இருக்கும்போதே வாரி வெளியேற்ற வேண்டும். காய்ந்துவிட்டால் மூலை முடுக்குகளில் இறுகிப்போகும். மின்சாரம் துண்டிக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்த பின்னரே நனைந்த வீட்டிற்குள் கால்வைக்க வேண்டும். காலில் சிறு காயம் இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும்; ஆகவே காலுறையோடு கூடிய நீள் பாதணி அவசியம். தேவையானபோது தடுப்பு மாத்திரைக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாட வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, குளோரின் இட்டு, பாதுகாப்பானது என்று அறிந்த பின்னரே அதன் நீரைப் பருக வேண்டும். இவ்வளவையும் செய்து முடித்த பின்னர் எந்த மணியும் ஒலிப்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் மீண்டும் அடுப்பு எரிகின்றதே, அதற்கு ஈடான மணியோசை வேறு உண்டா?

இன்னும் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விளையாட்டில் சுத்தம் செய்கின்றவர் ஒரு தொழிலதிபர். ஊரார் அவரை அழைக்கின்றார்கள், நன்றி சொல்கின்றார்கள், உரிய பணத்தைத் தருகின்றார்கள். எமது ஊர்களில் அவ்வாறா நடக்கின்றது?

கண்டி நகரின் மஹியாவப் பகுதியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் நகரைத் துப்புரவு செய்வதற்கெனத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றார்கள். பெரஹரா முடிந்த மறுநாள் காலை, வீதிகளில் குவிந்திருக்கும் குப்பையெல்லாம் தாமாகவே மறைந்துவிடுவதில்லை. நாம் உறங்கும் வேளையில் சிலர் விழித்திருந்து அவற்றை அகற்றுகின்றார்கள். ஆயினும் அவர்களுடைய தொழிலின் பெயரையே வசைச்சொல்லாகப் பயன்படுத்தும் வழக்கம் எம் மொழியில் இன்றும் ஒழியவில்லை. தாயின் தொழிலையும் குடியிருப்பின் பெயரையும் சொல்லுவதற்குப் பிள்ளை கூச வேண்டிய நிலை இருக்குமாயின், அந்த வெட்கம் அந்தப் பிள்ளைக்குரியதா, எமக்குரியதா?

குப்பை எம் வாசலைத் தாண்டியதும் அது இல்லாமற் போய்விட்டது என்று எண்ணுகின்றோம். கண்டியின் கழிவுகள் நெடுங்காலமாக மகாவலிக் கரையை அண்டிய கொஹாகொடையில் கொட்டப்பட்டு வந்தன. கொழும்பின் கழிவுகள் மலையாகக் குவிந்த மீதொட்டமுல்லையில், 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்திலேயே, அந்தக் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. ஒரு வீட்டாரின் தூய்மை மற்றொரு வீட்டாரின் கூரைமேல் மலையாக ஏறியது. திரையில் கழுவிய அழுக்கு எங்கும் போவதில்லை. அது அப்படியே மறைந்துவிடும். வாழ்க்கையில் மறைவதற்கு இடமில்லை. ஒருவர் விலக்கியதை மற்றொருவர் சுமக்கின்றார்.

இந்த இடத்தில் எமது நினைவு இயல்பாகவே அந்த இறுதி இராவுணவுக்குச் செல்லுகின்றது. புழுதி படிந்த வீதிகளில் நடந்து வந்தவர்களின் பாதங்களைக் கழுவுவது அக்காலத்தில் பணியாளரின் வேலை. யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் கூறுகின்ற நிகழ்ச்சியில், போதகரே எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீடரின் பாதங்களைக் கழுவினார். பேதுரு முதலில் மறுத்தார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். பெரியவர் இத்தகைய வேலையைச் செய்யலாகாது என்ற எண்ணம் அவருக்குள்ளும் வேரூன்றியிருந்தது. எமக்குள்ளும் அது வேரூன்றியிருக்கின்றது. 2013ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் உரோமை நகரின் இளையோர் சிறைச்சாலை ஒன்றுக்குச் சென்று, அங்கிருந்தோரின் பாதங்களைக் கழுவியபோது உலகம் வியந்தது. நாம் வியந்ததே எம்மை நாமே ஆராய்வதற்குப் போதுமான காரணம் அல்லவா?

அப்படியானால் பிள்ளையின் கையிலிருந்து விளையாட்டைப் பிடுங்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. போரையும் கொலையையும் காட்டும் விளையாட்டுகள் மலிந்திருக்கும் காலத்தில், ஒழுங்கின்மையை ஒழுங்காக்குவதில் ஒரு பிள்ளை இன்பம் காணுமாயின் அதில் நல்லதொரு விதை இருக்கின்றது. அந்த விதையைத் திரைக்குள்ளேயே முடங்கவிடாமல் மண்ணில் ஊன்றுவது பெற்றோரின் கடமை. “விளையாடினது போதும், எழுந்திரு” என்று அதட்டுவதைவிட, “மகன், திரையில் அவ்வளவு அழகாகக் கழுவுகின்றாயே, வா, அப்பாவோடு சேர்ந்து இந்தத் திண்ணையைக் கழுவுவோம்” என்று அழைத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஒரு பாராட்டுச் சொல்லைச் சொல்ல மறவாதீர்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் அவன் அந்த விளையாட்டையே நாடினான். வீட்டு வேலையைத் தங்கையின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு அண்ணன் திரையில் வீடு கழுவுகின்ற அநியாயமும் இத்தோடு ஒழியட்டும்.

இன்னும் சில சிறு செயல்களும் எமக்கு இயலும். உடைந்த கண்ணாடியைத் தடித்த கடதாசியில் சுற்றித் தனியாக வையுங்கள். குப்பை எடுப்பவரின் கை கிழியாதிருக்கும். சமையலறைக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் வேறுவேறாகப் பிரித்துக் கொடுங்கள். உங்கள் வீதியைத் துப்புரவு செய்கின்றவரின் பெயரைக் கேட்டறிந்து, “ஐயா”, “அம்மா” என்று மரியாதையோடு அழையுங்கள். வெயிலில் நிற்கின்றவருக்கு, வீட்டார் அருந்தும் அதே குவளையில் ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் சகோதரிக்குப் பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுத்துவிடுங்கள்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. ஆனால் விளையாட்டில் ஒரு கற்பனைத் தொழிலாளிக்குக் கிடைக்கின்ற மதிப்பும் நன்றியும் உரிய கூலியும், எம் கண்முன்னே வியர்வை சிந்துகின்ற உண்மைத் தொழிலாளிக்குக் கிடைப்பதற்கு இவையே தொடக்கமாகும்.

அன்பார்ந்த வாசகர்களே, மனம் களைத்திருக்கும் வேளையில் கால் மணி நேரம் திரையில் கறை நீக்கி இளைப்பாறுவதில் குற்றமில்லை. அதன் பின்னர் எழுந்து வாசலுக்கு வாருங்கள். அங்கே எவருடைய கை எமக்காக அழுக்கடைகின்றது என்று பாருங்கள். அந்தக் கைக்கு உதவியாக எமது கையையும் நீட்டுவோம்.