சார்னோக்கைட்டு

சார்னோக்கைட்டு என்பது குவார்ட்சு, பெல்சுபார், ஐப்பர்சுதீன் ஆகிய கனிமங்களைக் கொண்ட கடினமான பாறை வகையாகும். சென்னையின் தெற்கேயுள்ள பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் இப்பாறையால் ஆனவை. கட்டட வேலையில் இது கருங்கல் என்றே அறியப்படுகிறது.

பெயர்க் காரணம்

இப்பெயருக்குக் கொல்கத்தாவிலுள்ள ஒரு கல்லறையே காரணம். கிழக்கிந்தியக் கம்பனி அலுவலரான ஜாப் சார்னோக் 1693 இல் இறந்தார். புனித யோவான் தேவாலய வளாகத்திலுள்ள அவரது கல்லறைக்கான கல் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹென்றி ஹாலண்ட் 1893 இல் இப்பாறைக்கு அவர் பெயரை இட்டார். இலங்கை, அண்டார்க்டிக்கா ஆகிய இடங்களில் காணப்படும் இவ்வகைப் பாறைகளும் இப்பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

இன்றைய நிலை

இக்குன்றுகளின் பல பகுதிகள் சல்லிக்காக உடைக்கப்பட்டுவிட்டன. பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.