கழுவ இடங்கொடுப்பதும் அன்பே



திருமண நாளன்று பீடத்தின் முன்னே வலக்கரம் பற்றி நிற்கும் மணமக்கள், உடல்நலத்திலும் நோயிலும் ஒருவருக்கொருவர் பிரமாணிக்கமாயிருப்பதாக வாக்களிக்கின்றனர். 'நோயிலும்' என்னும் அச்சொல்லை அன்று எவரும் நின்று நிதானித்துக் கேட்பதில்லை. ஆண்டுகள் பல சென்றபின், வைத்தியசாலைக் கட்டிலின் அருகிலேயே அதன் பொருள் விளங்கத் தொடங்குகின்றது.

நோயாளருக்கு நற்கருணை கொண்டுசென்ற நாளொன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றேன். அவரது துணைவியார் குடலிற் புற்றுநோய் கண்டு, சத்திரசிகிச்சை செய்யப்பட்டு வீடு திரும்பியிருந்தார். மலம் வெளியேறுவதற்கென வயிற்றில் வாயமைத்துப் பையொன்று பொருத்தப்பட்டிருந்தது. அதனை வெறுமையாக்கி, சுற்றியுள்ள தோலை இளஞ்சூட்டு நீரால் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் புதிய பையை ஒட்டும் முறையைக் கணவரே தாதியிடம் கற்றிருந்தார். ஆயினும் மனைவி உடன்படவில்லை. “நாற்பது வருடம் இவருக்குச் சமைத்துப் போட்டவள் நான், சுவாமி. என்னுடைய அழுக்கை இவர் கழுவுவதா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவரோ கதவோரத்தில் தலைகுனிந்து நின்றார்.

அவ்வேளையில் என் நினைவுக்கு வந்தவர் பேதுரு. இறுதி இராவுணவின்போது தம் பாதங்களை ஆண்டவர் கழுவுவதற்கு அவரும் உடன்பட மறுத்தார் (யோவான் 13:6-9). அவரிடம் அன்பு குறைவாயிருக்கவில்லை. பெற்றுக்கொள்ளுதலே அவருக்குக் கடினமாயிருந்தது. கழுவ இடங்கொடாதவருக்குத் தம்மோடு பங்கில்லை என்பதை ஆண்டவர் அவருக்கு உணர்த்தினார். அப்பகுதியை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறு கிழமை சென்றபோது கணவர் சேர்ட்டுக் கையை மடித்தபடி, ஈரக் கைகளுடன் உள்ளிருந்து வந்தார். “இப்ப விடுகிறா, சுவாமி” என்றார். அவரது கண்கள் கலங்கியிருந்தன.

நோயுற்ற துணையைப் பராமரிப்போரே, திருச்சபை உங்களை மறந்துவிடவில்லை. நோயிற்பூசுதல் சாவின் விளிம்பில் நிற்போருக்கு மட்டும் உரியதன்று. 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயர் தந்த அச்சத்தினால் அதனைப் பிற்போடாதீர்கள். கடும் நோயின் நிமித்தம் சத்திரசிகிச்சைக்குச் செல்லுமுன் அதனைப் பெறலாம். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (919), நற்கருணைக்கு முன்னான ஒரு மணிநேர உபவாசத்திலிருந்து நோயாளரை மட்டுமன்றி, அவரைப் பராமரிப்போரையும் விடுவிக்கின்றது. கஞ்சி ஊட்டிவிட்டுத் தாமும் ஒரு வாய் உண்டவர் தயங்க வேண்டியதில்லை. நோயாளியைத் தனியே விட இயலாமல் ஞாயிறு திருப்பலிக்கு வர முடியாதவர், அதனால் பாவத்திற்கு உள்ளாவதுமில்லை.

அயலவர்களே, வாசலில் நின்று நலம் விசாரிப்பதோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு மணிநேரம் நோயாளியின் அருகில் அமர்ந்திருங்கள். பராமரிப்பவர் ஆலயத்திற்குச் சென்றுவரட்டும். அல்லது சற்றே கண்ணயரட்டும்.

பெரிய வியாழனன்று ஆலயத்தில் ஆண்டுக்கொருமுறை பாதங்கள் கழுவப்படுகின்றன. நோயாளி இருக்கும் இல்லத்திலோ அது நாள்தோறும் நிகழ்கின்றது. அங்கே கழுவுகின்றவரிடத்தில் மட்டுமன்று, வெட்கத்தை விட்டுக் கழுவ இடங்கொடுப்பவரிடத்திலும் ஆண்டவர் பிரசன்னமாயிருக்கின்றார்.