கொடுத்த பணத்துக்கு என்ன பெயர்?

முகூர்த்த நாள் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார இடமில்லை. போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற என் அண்டை வீட்டுக்காரர், ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் இன்னொரு கையில் காகிதங்கள் அடைத்த மஞ்சள் பையுமாக நின்றிருந்தார். மகன் வாங்கும் முதல் வீடு. மேடவாக்கத்தைத் தாண்டி ஒரு மறுவிற்பனை ஃபிளாட், 48 லட்சம். நான் துணைக்குப் போயிருந்தேன். டோக்கன் எண் வந்ததும் விற்பவர், மகன், இரண்டு சாட்சிகள் என்று எல்லோரும் உள்ளே போக, இவரும் பின்னாலேயே நுழைந்தார்.

“நீங்க யாரு?”

“அப்பா.”

“அப்போ வெளியில உக்காருங்க சார். கூட்டம் சேக்காதீங்க.”

புகைப்படம், கைரேகை, கையெழுத்து எல்லாம் அவர் இல்லாமலே முடிந்தன. அந்த வீட்டுக்குப் போன பணத்தில் 14 லட்சம் அவருடையது. கிராஜுவிட்டி, மிச்சமிருந்த பி.எஃப்., மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியது என்று சேர்த்த தொகை. பேருந்தில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டார்: “சார், நான் குடுத்தது என்ன கணக்குல வரும்? கடனா, சும்மாவா?”

இந்தக் கேள்வியை அவர் மகனிடம் கேட்கவில்லை. நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. பெற்ற பிள்ளையிடம் கணக்குப் பேசுவதா என்ற கூச்சம். ஆனால் பின்னாளில் வங்கியோ, வருமான வரித் துறையோ, மருமகளின் வக்கீலோ, இன்னொரு பிள்ளையோ வந்து நிற்கும்போது காகிதத்தில் இருப்பது மட்டும்தான் பேசும்.

முதலில் அந்த 14 லட்சம் எங்கிருந்து முளைக்கிறது என்று பார்ப்போம். மாதத் தவணை கட்டும் அளவு சம்பளம் வாங்குகிற இளைஞர்கள்கூட வீடு வாங்கப் பெற்றோரிடம் வந்து நிற்பது இந்தத் தொகைக்காகத்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு விலையில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம்தான் வங்கி தரலாம். 48 லட்சம் வீட்டுக்கு 38 லட்சத்து 40 ஆயிரம். மீதி 9 லட்சத்து 60 ஆயிரம் நம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த விலைக் கணக்கில் சேராது. மறுவிற்பனை வீட்டுக்குத் தமிழ்நாட்டில் இரண்டும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 4 லட்சத்து 32 ஆயிரம். ஆக, தரகு, வக்கீல், பத்திர எழுத்தர் செலவு சேர்க்காமலே 14 லட்சத்தை நெருங்கிவிடுகிறது. கட்டுநரிடம் நேரடியாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து தீர்வை குறைவு: 50 லட்சம் வரை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் தனியே 2 சதவீதம். ஆனால் கட்டி முடிக்காத வீடாக இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம் வந்து உட்காரும். சென்னையில் கார்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம்தான். சின்ன வீடு தேடுகிறவர்கள் இந்த இரண்டு எல்லைகளையும் மனதில் வைத்துக்கொண்டு தேடலாம்.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்துக்கு மூன்று பெயர்கள்தான் உண்டு: அன்பளிப்பு, கடன், பங்கு.

அன்பளிப்பு என்றால் வரித் தொல்லை இல்லை. பெற்றோர் கொடுப்பது எவ்வளவு பெரிய தொகையானாலும் பிள்ளைக்கு வருமான வரி கிடையாது. மாமனார் மருமகனுக்குக் கொடுத்தாலும் அப்படியே. சித்தப்பா மகனோ நண்பரோ கொடுத்தால்தான் வருடத்துக்கு மொத்தம் 50,000 தாண்டியதும் முழுத் தொகைக்கும் வரி. பணம் கணக்கிலிருந்து கணக்குக்குப் போகட்டும். ஒரு வெள்ளைத்தாளில் தேதி, தொகை, “அன்பளிப்பாகக் கொடுத்தேன், திரும்பக் கேட்கமாட்டேன்” என்ற வரி, இருவர் கையெழுத்து இருந்தால் போதும். பணத்துக்குப் பத்திரப் பதிவு தேவையில்லை. கணக்கில் காட்டிய பணத்தில் பிள்ளை பெயரில் வீடு வாங்குவது பினாமிச் சட்டத்திலும் சிக்காது. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான்.

கடன் என்றால் புரோநோட்டு எழுத வேண்டும். வட்டி இல்லாமலும் எழுதலாம். பலர் கோட்டைவிடுவது காலக்கெடுவில். கேட்டபோது தருவதாக எழுதிய நோட்டு, எழுதிய நாளிலிருந்து 3 வருடத்தில் செத்துவிடும். அதற்குள் பாக்கி இருப்பதை மகனோ மகளோ எழுதிக் கையெழுத்துப் போட்டால் கெடு புதிதாகத் தொடங்கும். பொங்கலுக்குப் பொங்கல் இதைச் செய்யும் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஊரில் சிரித்தார்கள். அந்த வீட்டில் இதுவரை சண்டை இல்லை. இன்னொன்று: கடனாகக் கொடுக்கும் பணத்தை ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கக் கடனாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம். வீடு வாங்கத் தரும் முன்பணத்துக்கும் இதே எல்லைதான். அபராதம் வாங்கிய தொகை முழுவதும். விற்பவர் “பாதி வெள்ளை, பாதி கருப்பு” என்று ஆரம்பித்தால், பெட்டியில் வைத்திருக்கும் அப்பாவின் சேமிப்புதான் அந்தக் கருப்புக்குப் போகிறது. பேரம் முறிந்தால் அந்தப் பணம் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

மூன்றாவதான பங்குதான் விவகாரமானது. வங்கியில் “அப்பாவையும் கோ-அப்ளிகன்ட்டா போட்டுக்கலாம் சார், எலிஜிபிலிட்டி கூடும்” என்பார்கள். அப்பா பெருமையோடு பத்து இடத்தில் கையெழுத்துப் போடுவார். கடனுக்கு இணை விண்ணப்பதாரர் ஆவது வேறு, வீட்டுக்கு இணை உரிமையாளர் ஆவது வேறு. கிரயப் பத்திரத்தில் பெயர் இல்லாமல் கடன் பத்திரத்தில் மட்டும் பெயர் இருந்தால், சொத்தில் ஒரு செங்கல்கூட உங்களுடையது இல்லை. கடன் மட்டும் முழுக்க உங்களுடையது. “பாதிதான் என் பொறுப்பு” என்று சொல்ல முடியாது. ஜாமீன் கையெழுத்தும் இதே கதைதான்: ஒப்பந்தச் சட்டப்படி கடன்காரருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. தவணை 90 நாள் நின்றால் கணக்கு வாராக் கடன். அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ், பிறகு வீடு கைப்பற்றல். பெற்றோரின் சிபில் மதிப்பெண்ணும் கூடவே விழும். தாங்கள் குடியிருக்கும் வீட்டையே கூடுதல் பிணையாக வைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள் என்று நான் யாரிடமும் தயங்காமல் சொல்லிவிடுவேன்.

கிரயப் பத்திரத்தில் பெயர் சேர்த்தால் அப்பாவுக்குப் பாதுகாப்பு உண்டுதான். பங்கு இத்தனை சதவீதம் என்று அதிலேயே எழுதிவிட வேண்டும். ஆனால் அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அந்தப் பங்கு அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியும். இருபது வருடம் தவணை கட்டிய மகன், விற்கும்போது அக்காவின் கையெழுத்துக்காகக் காத்திருப்பான். பங்கு வைத்தால் உயிலும் வேண்டும்.

பிள்ளை நமக்கு முன்னால் போய்விட்டால்? வாயில் வரக்கூடாத பேச்சுதான், ஆனால் பணம் கொடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி உயில் இல்லாமல் மகன் இறந்தால் அவன் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வரிசை வாரிசுகள். தகப்பன் அந்த வரிசையில் இல்லை. கிராஜுவிட்டி முழுவதையும் கொடுத்த அப்பாவுக்குச் சட்டப்படி அந்த வீட்டில் எதுவும் இல்லை. மகள் இறந்தால் கணவனும் பிள்ளைகளும்தான். அவர்கள் இருக்கும்வரை பெற்றோர் இருவருமே கிடையாது. பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு, பிள்ளையில்லாத மகள் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. அன்பளிப்புப் பணத்தில் அவள் வாங்கிய வீடு வாரிசாக வந்தது ஆகாது. (பிற மதத்தவருக்கு அவரவர் வாரிசுச் சட்டம்.) இதற்கு மருந்து இரண்டு. மகனோ மகளோ வீடு வாங்கிய கையோடு ஒரு உயில் எழுதுவது. கடன் தொகைக்குச் சமமாக ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் எடுப்பது. கடனோடு சேர்த்து ஒரே பிரீமியமாகத் திணிக்கப்படும் பாலிசியைத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெளியில் விலை விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்.

பிள்ளை கவனிக்காமல் விட்டால் மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2007-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை ரத்து செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு. ஆனால் மகன் வாங்கிய ஃபிளாட்டின் கிரயப் பத்திரம் விற்றவருக்கும் மகனுக்கும் இடையே ஆனது. ரத்து செய்யப் பெற்றோர் எழுதிய பத்திரம் எதுவும் அங்கே இல்லை. மிஞ்சுவது ஜீவனாம்சம்; சட்டத்தில் அதற்கு உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். ஆகவே ஓய்வூதியப் பணத்தில் மருத்துவச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

வீட்டைப் பற்றியும் கொஞ்சம். 2016-ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறோம். 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கும் முன் கட்டுநர் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒப்படைத்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தாமதமானால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வீடு கைக்கு வரும்வரை மாதாமாதம் வட்டி வாங்கலாம். எல்லாம் சரி. ஆனால் 500 சதுர மீட்டருக்குள் அடங்கும் மனையோ, 8 வீட்டுக்கு மேற்படாத கட்டடமோ அந்தச் சட்டத்தில் பதிவு செய்யத் தேவையில்லை. இரண்டு கிரவுண்ட் என்பதே 446 சதுர மீட்டர்தான். புறநகரில் ஒரு கிரவுண்டில் நான்கு, இரண்டு கிரவுண்டில் எட்டு என்று எழும்பும் கட்டடங்களில்தான் முதல் வீடு வாங்குகிறவர்களுக்குக் கட்டுபடியாகும் ஃபிளாட்டுகள் இருக்கின்றன. ரெரா எண் இல்லாத இடத்தில் கண்ணை இன்னும் அகலமாகத் திறக்க வேண்டியிருக்கிறது. வரைபட அனுமதியில் எத்தனை வீடு, கட்டியிருப்பது எத்தனை? மொட்டை மாடியில் கூடுதலாக ஒரு வீடு முளைத்திருந்தால் உங்கள் யுடிஎஸ் (பிரிபடாத நிலப் பங்கு) கணக்கும் இடிக்கும். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குக் குறையாமல் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பதிவாகாத அடமானமோ நீதிமன்ற வழக்கோ அதில் தெரியாமல் போகலாம் என்பதால், அசல் தாய்ப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் தராதீர்கள். வங்கியின் வக்கீல் கொடுக்கும் கருத்து வங்கிக்கானது. சில ஆயிரம் செலவழித்துச் சொந்தமாக ஒரு வக்கீலைப் பாருங்கள். விற்பவர் வெளிநாட்டில் இருப்பவர் என்றால் டிடிஎஸ் பிடிக்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில், விலை 50 லட்சத்துக்குக் குறைவாக இருந்தாலும்.

கட்டுநர் ஏமாற்றினால் ரெரா பதிவுள்ள திட்டத்துக்குத் தமிழ்நாடு ரெரா ஆணையம். பதிவில்லாத சின்னக் கட்டடத்துக்கு நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். குறை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். வங்கியோடு தகராறு என்றால் முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், கட்டணம் கிடையாது. கடனை முழுதும் கட்டி முடித்து 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தராமல் வங்கி இழுத்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு உண்டு. 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதி இது. தனிநபரின் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதமும் கிடையாது.

அண்டை வீட்டுக்காரர் இரண்டு வாரம் கழித்து வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு முழுநீளத் தாளை எடுத்துக் காட்டினார். டிக்கெட் கிழித்த கைக்கே உரிய கச்சிதமான எழுத்து. 14 லட்சத்தில் 8 லட்சம் அன்பளிப்பு, நகைக் கடன் சேர்ந்த 6 லட்சம் கைமாற்று. பணம் போன தேதியும் வங்கிக் கணக்கு விவரமும் கீழே. மகளுக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டாராம். கைமாற்று எழுதிய இடத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது.

“பையன் என்ன சொன்னான்?”

“படிச்சுப் பாத்துட்டு, ‘எதுக்குப்பா இதெல்லாம்?’னான். பேனாவை நீட்டினேன்.”