குளிசையோடு சேரும் குளிசை

1948ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில், மூட்டுவாதத்தால் நடக்க இயலாது தவித்த பெண்ணொருவருக்குக் கோர்ட்டிசோன் ஏற்றப்பட்டது. சில நாட்களுள் அவர் நடந்தார். அந்த ஸ்டீரொயிட் இனத்தைச் சேர்ந்ததே, இன்று வாதத்துக்கும் தொய்வுக்கும் வைத்தியர் தரும் பிரெட்னிசலோன் குளிசை.

தனித்து உண்கையில் அதன் இயல்பு ஒன்று. துணை சேர்ந்தால் வேறொன்று. முழங்கால் நோவுக்கென அஸ்பிரினையோ டைக்குளோபெனக்கையோ ஒருவர் தாமாகவே வாங்கி இதனுடன் விழுங்குவாராயின், இரைப்பையிற் புண் உண்டாகிக் குருதி கசியும் அபாயம் பன்மடங்காகும். அதனினும் கொடியது, அப்புண்ணின் நோவைப் பிரெட்னிசலோனே மறைத்துவிடக்கூடும் என்பது. மலம் தார்போற் கறுத்துப்போதலே சிலவேளை முதல் அறிகுறியாகும்.

காசநோய்க்குரிய ரிபாம்பிசின் செய்வது வேறு. அது ஈரலைத் தூண்டிப் பிரெட்னிசலோனை விரைந்து அழிக்கச் செய்யும். ஆதலால் வழமையான அளவு உண்டும் தொய்வு தணியாதிருக்கலாம். நீரிழிவுடையோர்க்கோ குருதியிற் சர்க்கரை ஏறும். அவர்தம் மருந்தின் அளவை வைத்தியரே திருத்துதல் வேண்டும்.

இவற்றுக்கு அஞ்சிப் பிரெட்னிசலோனைத் திடீரென நிறுத்துதலும் ஆகாது. வாரக்கணக்கில் அதனை உண்டவரின் உடல், தன் இயற்கைச் சுரப்பைக் குறைத்திருக்கும். பலர் நோவுக் குளிசையை மருந்தென்றே எண்ணுவதில்லை. வைத்தியர் வினவும்போதும் அதைச் சொல்லாது விடுகின்றனர். வீட்டிலுள்ள குளிசைகள் யாவற்றையும் ஒரு பையிலிட்டு அவர் முன் வைத்தலே நன்று.